ஐநூற்று ஓராவது யூனிட்

வீட்டுப் பில்களைக் கட்டுவது இப்போது ஒரு வேலையே இல்லை. ஈபி ஆபீஸ் கவுண்ட்டரில் வரிசை, டெலிபோன் பில்லுக்கு அரை நாள் லீவு, வீட்டு வரிக்கு இன்னொரு அலைச்சல் என்றிருந்த காலம் போய்விட்டது. 2020 ஜூலையில் யூபிஐ ஆட்டோபே வந்த பிறகு, ரகசிய எண்ணைத் தட்டும் சிரமம்கூடப் பல பில்களுக்கு இல்லை. பில் கணக்கை நோட்டில் எழுதி வைப்பது காலாவதியான பழக்கம் என்று பலரும் முடிவுகட்டிவிட்டதற்கு இதுதான் காரணம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. வரிசையில் நின்ற நாள்களில் நோட்டு இல்லாமலும் ஒப்பேற்றியிருக்கலாம். தொகையைக் கேட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்து, ரசீதைக் கம்பியில் குத்தும்போது போன தடவை கட்டியது கண்ணில் பட்டுவிடும். பணம் தானாகப் போய்க்கொண்டிருக்கிற இன்றைக்குத்தான் நோட்டு வேண்டியிருக்கிறது. பில் கட்டுவதிலேயே கணக்குப் பார்ப்பதும் சேர்ந்திருந்தது. கட்டும் வேலையை மெஷினிடம் கொடுத்தபோது, பார்க்கிற வேலையையும் சேர்த்தே கைகழுவிவிட்டோம்.

தமிழ்நாட்டு கரண்ட் பில்லை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 6 ரூபாய். 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய் வரும். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால், 101-லிருந்து 200 வரையுள்ள யூனிட்டுகளும் 4.50-க்கு ஏறிவிடும், பில் 1,958. அந்த ஐநூற்று ஓராவது யூனிட்டின் விலை 233 ரூபாய். 2024-இல் விகிதங்கள் மீண்டும் உயர்ந்தபோதும் இந்தப் படிக்கட்டு இடிக்கப்படவில்லை. இதைத் தெரிந்து வைத்திருப்பதால் மட்டும் பயனில்லை. போன கோடையில் நம் வீட்டில் எத்தனை யூனிட் ஓடியது, 460-ஆ 540-ஆ என்று தெரிந்தால்தான் ஏசியை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று யோசிக்க முடியும். ஆட்டோபே குறுஞ்செய்தி தொகையைச் சொல்லும், யூனிட்டைச் சொல்லாது.

ரீடிங் எடுக்கும் தேதியும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில் 60 நாளில் 480 யூனிட் ஓடும். மேலே சொன்ன கட்டணப்படி 1,605 ரூபாய். ரீடிங் எடுக்கிறவர் ஐந்து நாள் பிந்தி வந்தால் 520 யூனிட், பில் 2,110. அடுத்த முறை அவர் வழக்கமான தேதிக்கே வந்து 55 நாளுக்குக் கணக்கெடுத்தால் 440 யூனிட், 1,365 ரூபாய். இரண்டையும் கூட்டினால், ஒழுங்கான தேதியில் வந்திருந்தால் ஆகியிருக்கும் தொகையைவிட 265 ரூபாய் அதிகம். வீட்டில் யாரும் ஒரு விளக்கைக்கூடக் கூடுதலாகப் போடவில்லை. முன்பு மீட்டர் பெட்டியருகே தொங்கிய வெள்ளை அட்டையில் ரீடிங் தேதியும் யூனிட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசையாக இருக்கும். படிக்காதவர்கூட இந்தத் தடவை ஏறிவிட்டது என்று கண்டுகொள்வார். இப்போது அட்டையைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. பிரிவு அலுவலகத்துக்குப் போய் ‘பில் ஜாஸ்தியா வந்திருக்கு சார்’ என்று பொதுவாகச் சொன்னால் பொதுவான பதில்தான் கிடைக்கும். போன ரீடிங் இந்தத் தேதி, இந்த ரீடிங் இந்தத் தேதி என்று சொல்பவருக்குப் பதில் சொல்ல அவர்களும் கணினியைப் பார்த்தாக வேண்டும்.

மற்ற பில்களில் இத்தனை சூட்சுமம் இல்லை, ஆனாலும் உண்டு. செல்போன் ரீசார்ஜ் 28 நாள் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று. இது பெரிய சர்ச்சையாகி, 30 நாள் திட்டம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-இல் உத்தரவிட்டது. 28 நாள் திட்டங்களோ போய்விடவில்லை. சென்னை மாநகராட்சியில் அரையாண்டு சொத்து வரியைத் தொடக்க முப்பது நாள்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் நினைவுக்கு வந்தால் லாபம், மே மாதம் நினைவுக்கு வந்தால் இல்லை.

கணக்கு தெரியாததன் விலை ரூபாய் அளவில் நின்றுவிடுவதில்லை. சில வருஷங்களாக ஒரு குறுஞ்செய்தி மோசடி நடக்கிறது: போன மாத பில் பதிவாகவில்லை, இன்று இரவு ஒன்பதரைக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் மின்வாரிய அதிகாரியைக் கூப்பிடவும். பயந்துபோய்க் கூப்பிட்டவர்கள் வங்கிக் கணக்கைப் பறிகொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிற ஊரில் ‘போன மாத பில்’ என்பதே அபத்தம். ஆனால் அந்த நேரத்தில் அது உறைக்காது. கட்டினோமா, மகன் கட்டினானா, பணம் போய் ரசீது வராமல் நின்றதா என்று நிச்சயமில்லாதவரைத்தான் அந்தச் செய்தி பிடிக்கிறது. நோட்டில் தேதியும் ரசீது எண்ணும் எழுதி வைத்திருக்கும் வீட்டில் அது ஒரு நிமிஷச் சிரிப்போடு முடியும்.

எல்லாம் போனிலேயே இருக்கிறதே, எதற்கு இன்னொரு தரம் எழுத வேண்டும் என்பார்கள். நியாயமான கேள்வி. மின்வாரிய இணையதளத்தில் பழைய பில்கள் கிடைக்கின்றன. கையில் இருக்கும் தெர்மல் தாள் ரசீது சில மாதங்களில் வெளுத்து வெறும் தாளாகிவிடுவதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். ஆனால் சந்தேகம் வந்தவர்தான் போய்த் தேடுவார். சந்தேகம் வருவதற்கு, புது எண்ணும் பழைய எண்ணும் ஒரே பக்கத்தில் கண்ணில் பட வேண்டும். தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. பார்க்காமலே பணம் போகக்கூடாது என்ற கவலை அங்கேயே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த முன்னறிவிப்போ நகைக்கடை விளம்பரத்துக்கும் கடன் வேண்டுமா என்ற செய்திக்கும் நடுவில் வந்து விழுகிறது. போதாக்குறைக்கு, போன் ஒருவருடையது. அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் எந்த பில் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது. 2022 இறுதியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது சர்வீஸ் நம்பரைத் தேடி எத்தனை வீடுகள் அலமாரியைக் கவிழ்த்தன என்பது நினைவிருக்கும். இணைப்பு இன்னும் காலமான தாத்தா பெயரிலேயே இருக்கிறது என்று அப்போதுதான் கண்டுபிடித்தவர்களும் உண்டு.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கணக்கு நோட்டு என்றாலே வீட்டில் ஒருவர் கேட்பவராகவும் ஒருவர் பதில் சொல்பவராகவும் ஆகிவிடுவார்கள். பெரும்பாலும் கேட்பவர் கணவர். காய்கறிக்கு எவ்வளவு, ஆட்டோவுக்கு எவ்வளவு என்று தினமும் எழுதச் சொல்வதை நானும் ஆதரிக்க மாட்டேன். ஜனவரி முதல் தேதி தொடங்கும் செலவு டைரி பொங்கலைத் தாண்டாது என்பது வேறு விஷயம். நான் சொல்வது கெடு வைத்து வரும் பில்களை மட்டும்: கரண்ட் ஆறு, ரீசார்ஜ் பதின்மூன்று, காஸ் ஏழெட்டு, சொத்து வரி, தண்ணீர் வரி, இன்சூரன்ஸ், பள்ளிக் கட்டணம். வருஷத்துக்கு ஐம்பது வரி தாண்டாது. கட்டியவர் யாரோ அவர் எழுதினால் போதும், யாரும் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

சொந்த வீடும் மாதச் சம்பளமும் உள்ளவர்களுக்குத்தான் இதெல்லாம் சரிப்படும் என்றும் சொல்லலாம். வருமானம் போதாத வீட்டில் நோட்டு பணத்தைக் கொண்டுவந்து கொட்டாது, உண்மை. வாடகைக்கு இருப்பவருக்கு 500 யூனிட் கணக்கும் பெரும்பாலும் கைக்கு எட்டாது. மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். மாடிப் போர்ஷனுக்கு ஒரு சப்-மீட்டர். யூனிட்டுக்கு எட்டோ பத்தோ என்று அவர் வைத்ததுதான் விலை, இலவச யூனிட்டும் கிடைக்காது. அந்த விலையை நோட்டு மாற்றாது. ஆனால் குடிவந்த அன்று சப்-மீட்டரில் என்ன எண் இருந்தது என்பதற்கு வேறு எங்கும் பதிவே கிடையாது. மின்வாரியத்துக்கு அந்த மீட்டர் இருப்பதே தெரியாது. மாதா மாதம் ரீடிங்கும் கொடுத்த பணமும் எழுதி, முடிந்தால் பக்கத்தில் வீட்டுக்காரரின் கையெழுத்தும் வாங்கி வைத்தால், காலி செய்யும் நாளில் கரண்ட் பாக்கி என்று அட்வான்ஸில் பிடிக்கும்போது எடுத்துக் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.