பத்து வயதில் பெரியவளானாள்

என் சின்னப் பெண் பத்து வயதில் பெரியவளானதும், ராயபுரத்தில் எங்கள் தெருவே "பிராய்லர் கோழிதான் காரணம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. காசிமேட்டு மீனையே நம்பியிருக்கிற வீடு எங்களுடையது. கோழி மாதம் ஒருநாள்தான்!

"நீயே அஞ்சாங்கிளாஸ்லதானே உட்கார்ந்தே?" என்றாள் என் அம்மா. டாக்டரம்மாவும் அதையேதான் முதலில் கேட்டார். தாய்க்குச் சீக்கிரம் வந்திருந்தால் மகளுக்கும் அப்படி வர வாய்ப்பு அதிகமாம். உடம்பிலுள்ள கொழுப்புக்கும் பங்குண்டு. 1994-ல் கண்டுபிடித்த லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்பிலிருந்துதான் சுரக்கிறது. 'சேமிப்பு போதும்' என்று அது மூளைக்குச் சொன்னால்தான் பருவமே தொடங்குமாம். எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"நான் குண்டா இருக்கறதாலயாம்மா?" என்று பெண் சோற்றுத் தட்டைத் தள்ளினாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பரம்பரையே பூசினாற்போல உடம்பு. பட்டினி போடவில்லை. பஜ்ஜியைக் குறைத்தேன்; மாலையில் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங். கூடவே நானும் குதிக்கிறேன், எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது!