ஸ்பியன் கோப்: தோல்வியின் பெயர் தாங்கிய குன்று

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாக வடமேற்கே போகும் நெடுஞ்சாலை, கரும்புத் தோட்டங்களைக் கடற்கரையோடு விட்டுவிட்டு மேடேறுகிறது. சுமார் மூன்று மணி நேரம் போனால், மேற்கே டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். அதற்கு முன்னால் துகேலா ஆறு. ஆற்றின் வடபுறம், சமவெளியிலிருந்து நானூறு மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது ஸ்பியன் கோப்.

உச்சிக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது, வெள்ளையடித்த கற்களால் எல்லை கட்டிய நீண்ட வளைவு. 1900 ஜனவரி 24-ஆம் தேதி அது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பதுங்குகுழி. மறுநாளே அது அவர்களின் கல்லறை ஆகிவிட்டது. செத்து விழுந்த இடத்திலேயே மண் தள்ளி மூடினார்கள்.

டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்கள், பிரிட்டிஷார் வசமிருந்த லேடிஸ்மித் நகரை 1899 நவம்பரிலிருந்து முற்றுகையிட்டிருந்தார்கள். அதை மீட்க வந்த பிரிட்டிஷ் தளபதி ரெட்வர்ஸ் புல்லர், டிசம்பர் 15 அன்று கொலென்சோவில் தோற்றார். அந்த ஒரே வாரத்தில் ஸ்டார்ம்பெர்க், மாகர்ஸ்ஃபான்டைன் ஆகிய இடங்களிலும் பிரிட்டிஷ் படைக்குத் தோல்வி. லண்டன் பத்திரிகைகள் அதைக் ‘கறுப்பு வாரம்’ என்றன. உலகின் கால்பங்கை ஆண்ட அரசை விவசாயிகளின் படை மூன்று இடங்களில் திருப்பி அடித்ததை அங்கே யாராலும் நம்ப முடியவில்லை. ஆனாலும் போர் வேண்டாம் என்ற குரல் ஓங்கவில்லை. பட்டாளத்தில் சேர இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள்.

அடுத்த முயற்சிதான் இந்தக் குன்று. பொறுப்பு சார்லஸ் வாரனிடம் போயிற்று. லண்டனில் ‘ஜாக் த ரிப்பர்’ கொலைகள் நடந்தபோது மாநகரக் காவல்துறையின் தலைவராக இருந்தவர் இவர்தான். ஜனவரி 23 இரவு, தளபதி வுட்கேட் தலைமையில் சிப்பாய்கள் இருட்டில் ஏறினார்கள். மணல் மூட்டைகள் கீழேயே தங்கிவிட்டன. பாறை நிலத்தில் முழங்கால் ஆழத்துக்கு மேல் தோண்ட முடியவில்லை. காலையில் மூடுபனி விலகியபோதுதான் உண்மை தெரிந்தது: உச்சியின் ஒரு பகுதி மட்டுமே அவர்கள் கையில் இருந்தது. சுற்றியிருந்த மேடுகளிலிருந்து போயர்கள் சுட்டார்கள், பீரங்கிகளும் முழங்கின. வுட்கேட் தலையில் குண்டடிபட்டு விழுந்தார். அடுத்து யார் தலைவர் என்பதே நாள் முழுதும் குழப்பம். இரவானதும் பிரிட்டிஷ் அதிகாரி தார்னிகிராஃப்ட் மிஞ்சியவர்களை இறக்கிக்கொண்டு போனார். அதே இரவில் போயர்களில் பெரும்பாலோரும் நம்பிக்கையிழந்து இறங்கியிருந்தார்கள். விடிந்தபோது குன்று காலியாகக் கிடந்தது. போயர் தளபதி லூயி போத்தாவின் ஆட்கள் மீண்டும் ஏறி அதைப் பிடித்துக்கொண்டார்கள். செத்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் 243 பேர். கீழே இருந்த படையின் பெரும்பகுதி ஏன் கடைசிவரை சும்மா நின்றது என்ற கேள்வி, அந்த வெள்ளைக் கற்களுக்குப் பக்கத்தில் நிற்கும் எவருக்கும் எழும். அதை மன்னிக்கவே முடியாது.

அந்த நாளில் சர்ச்சில், போத்தா, காந்தி என மூன்று வருங்காலத் தலைவர்கள் இந்தக் குன்றைச் சுற்றி இருந்தார்கள் என்பதை இங்கே வருகிற எல்லாரும் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். காந்தியோடு வந்தவர்களைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. அவர் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் இருந்தவர்கள் சுமார் 1,100 பேர். அவர்களில் ஏறக்குறைய 300 பேர் சுதந்திர இந்தியர்கள். மற்றவர்கள் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். 1860-இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்கு வந்ததில் தொடங்கி, டர்பன் அடங்கிய நேட்டால் காலனிக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். குண்டு விழும் எல்லைக்குள் இவர்கள் போகவேண்டியதில்லை என்பது சேரும்போது சொல்லப்பட்ட நிபந்தனை. ஸ்பியன் கோப்பில் அடிபட்டவர்கள் குவிந்ததும், கட்டாயமில்லை, வந்தால் நன்றி என்று புல்லர் சொல்லியனுப்பினார். போனார்கள். தூக்குக் கட்டிலில் ஆளைச் சுமந்துகொண்டு ஒரு நாளில் 20 முதல் 25 மைல்வரை நடந்தார்கள். அவர்கள் சுமந்தவர்களில் வுட்கேட்டும் ஒருவர்.

பிணங்கள் கிடந்த பதுங்குகுழியின் புகைப்படம் விரைவிலேயே உலகம் சுற்றியது. ஆனால் அது பொதுமக்களின் மனத்தைப் போருக்கு எதிராகத் திருப்பவில்லை. 1900 மே மாதம் போயர்கள் வளைத்திருந்த மேஃப்கிங் நகரின் முற்றுகை நீங்கிய செய்தி வந்ததும் லண்டன் தெருக்களில் இரவு முழுக்கக் கூத்து. அக்டோபரில் முடிந்த தேர்தலில் போரை நடத்திய அரசே மீண்டும் வென்றது. பழி தளபதிகள்மேல் மட்டும் விழுந்தது. புல்லர் 1901-இல் பதவி நீக்கப்பட்டார். அவருடைய சொந்த டெவன் மாவட்டமோ விட்டுக்கொடுக்கவில்லை. 1905-இல் எக்ஸெட்டரில் அவருக்குக் குதிரைமேல் சிலை வைத்து, நேட்டாலைக் காத்தவர் என்று பொறித்தது.

குன்றில் மாண்டவர்களில் பலர் லங்காஷயர் படைப்பிரிவுகளைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். 1906-இல் லிவர்பூல் கால்பந்துக் கழகம் ஆன்ஃபீல்டு மைதானத்தில் ரசிகர்கள் நிற்கப் பெரிய மண்மேடு எழுப்பியபோது, பத்திரிகையாளர் எர்னஸ்ட் எட்வர்ட்ஸ் அதற்கு ஸ்பியன் கோப் என்று பெயர் சூட்டச் சொன்னார். லண்டனின் ஆர்சனல் மைதானத்து மேட்டுக்கு இந்தப் பெயர் அதற்கு முன்பே ஒட்டியிருந்தது. ஷெஃபீல்டு, லீட்ஸ், பர்மிங்ஹாம் என்று பின்னர் பரவியது. வெற்றி பெற்ற களங்களின் பெயர் எதுவும் இப்படி ஒட்டவில்லை. பையன்களை இழந்த ஊர், அவர்களைச் சனிக்கிழமை மதியங்களில் கூட்டமாக நின்று நினைத்துக்கொண்டது. அந்தத் துக்கம் உண்மையானது. அவர்களை அங்கே யார், எதற்காக அனுப்பினார்கள் என்ற கேள்வி மட்டும் அந்த ஆரவாரத்தில் கேட்காமல் போயிற்று.

கட்டில் தூக்கியவர்களையும் போரின்போது பத்திரிகைகள் புகழ்ந்தன. இந்தியர்களில் தலைவர்களாக இருந்தவர்களுக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது. கூலிகள் தோட்டங்களுக்குத் திரும்பினார்கள். ஒப்பந்தம் முடிந்து நேட்டாலிலேயே தங்க விரும்பியவர் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்டவேண்டும் என்று 1895-இல் வந்த சட்டம், அவர்கள் குன்றடியில் நடந்த பிறகும் அப்படியே இருந்தது. 1913-இல் அதை எதிர்த்து நேட்டாலின் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறி, ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போன பிறகு, 1914-இல்தான் அது நீங்கியது.