காணா இடத்து எண்ணெய்

செம்பனைத் தோட்டச் சாலையில் சுமையேற்றி ஓடும் பிக்கப் வண்டியின் பின் அச்சில் ஓர் இரும்புப் பேழை உண்டு. அதனுள் இருப்பதே டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் விரைந்தும் உட்சக்கரம் மெதுவாயும் உருள வழிசெய்வது அதுவே. அங்குள்ள பற்கள் பெரும் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உராய்பவை. ஆதலின் அவற்றிற்கெனக் குறித்த கியர் எண்ணெயே வேண்டும்.

வெள்ளத்தில் இறங்கிய வண்டியின் பேழைக்குள் நீர் புகுந்தால் எண்ணெய் பால்போல் வெளுக்கும். காக்கும் ஆற்றலை இழக்கும். தொழிலறிந்தவர் பழைய எண்ணெயை வடிக்குமுன், நிரப்பும் துளையின் திருகையே முதலில் கழற்றிப் பார்ப்பார். வடித்தபின் அது கழல மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே முடங்கும் அன்றோ? வடிந்த எண்ணெயில் மென்பொடி தென்படின் இயல்பான தேய்மானம். இரும்புத் துண்டுகளெனில் பேராபத்தின் அறிகுறி. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பெரும்பாலும் துளையின் கீழ்விளிம்பு வரை புதிய எண்ணெய் நிரப்புவதே முறை.

எண்ணெய் வற்றிய பேழை முதலில் முனகும். முற்றினால் ஓடும்போதே சக்கரங்களைப் பூட்டிவிடும். முனகல் எழுமுன் பார்ப்பதே பேணுதல். எழுந்தபின் செய்வது பழுதுபார்த்தல்.