அம்பாசடருக்குக் கொடுத்த ஆறு மில்லிமீட்டர்

போன வருடம் ஜூலை மாதம் என் பேரன் இரண்டு மாத விடுமுறைக்குத் தூத்துக்குடி வந்திருந்தான். பன்னிரண்டு வயது. பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் படிக்கிறான். வீட்டில் அம்மா தமிழ் பேசினால் பிரெஞ்சில் பதில் சொல்லிப் பழக்கம். முன்பெல்லாம் வந்தால் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவான். அவள் தமிழிலும் அவன் பிரெஞ்சிலும் பேசிக்கொள்வார்கள். எப்படிப் புரிந்ததோ, இரண்டு பேரும் சிரிப்பார்கள். என் மனைவி காலமாகி நான்கு வருடம் ஆகிறது. அதன் பிறகு அவன் வந்தது இதுதான் முதல் தடவை. வந்த முதல் வாரம் வீட்டில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் காரைக்காலில் பிறந்தவன். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கைமாற்றிவிட்டுப் போனாலும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்கள் போகவில்லை. கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாம் பிரெஞ்சில்தான் படித்தேன். 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பு நடந்தது. அப்போது எங்கள் ஊர்க்காரர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. என் மகளைக் கொடுத்த குடும்பத்தின் பெரியவர் எழுதிக் கொடுத்தார். அதனால்தான் பேரன் அங்கே, நான் இங்கே.

இருபத்து மூன்று வயதில் அரசு குமாஸ்தாவாகத் தூத்துக்குடி வந்தேன். அலுவலகம் முழுக்க ஆங்கிலக் குறிப்புகள். நான் எழுதிய முதல் கடிதத்தைத் தலைமை எழுத்தர் எல்லோருக்கும் படித்துக் காட்டிச் சிரித்தார். "பிரெஞ்சுக்காரரே" என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். அன்றைக்கு வாயை மூடியவன்தான். நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு பிரெஞ்சுச் சொல் என் வாயிலிருந்து வரவில்லை. மகளுக்குக்கூடச் சொல்லித்தரவில்லை. அவள் கல்யாணமாகிப் போய்த்தான் கற்றுக்கொண்டாள்.

சரி, காருக்கு வருகிறேன்.

பேரன் பெட்டிக்குள் துணியில் சுற்றி ஒரு ரிமோட் கார் கொண்டுவந்திருந்தான். திருவிழாக் கடையில் விற்கிற பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். அசல் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. மோட்டார், கியர், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங், எல்லாம் உண்டு. மேலோடு மட்டும் தனி. மெல்லிய பாலிகார்பனேட் தகட்டில் செய்து, உள்பக்கமாக வர்ணம் அடித்திருப்பார்கள். சேசிஸிலிருந்து நான்கு தண்டுகள் நிமிர்ந்து நிற்கும். மேலோட்டை அதில் மாட்டி, ஹேர்பின் மாதிரி நான்கு கிளிப் செருகினால் வேலை முடிந்தது.

வந்த ஐந்தாம் நாள் மொட்டை மாடியில் ஓட்டினான். ஆடி மாதக் காற்று நம் ஊரில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வேகமாகப் போன கார் சுவரில் மோதி, மேலோடு முன்னால் இரண்டாகக் கிழிந்துவிட்டது. பையன் அழவில்லை. எலும்புக்கூடு மாதிரி நின்ற சேசிஸை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். எனக்கு அது அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. சேசிஸைத் தொட்டு, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே விரலை ஓட்டினேன். "அம்பாத்மான்" என்று என் வாயிலிருந்து வந்தது. இரண்டு அச்சுகளுக்கும் இடையிலுள்ள தூரத்துக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். காரைக்காலில் சைக்கிள் கடைக்காரர் சொல்லிக் கேட்டது. பையன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "தாத்தா, உனக்குத் தெரியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டான். "கொஞ்சம்" என்றேன், பிரெஞ்சிலேயே.

புது மேலோடு நாமே செய்வோம், அம்பாசடர் கார் செய்வோம் என்று சொன்னேன். ஏன் அம்பாசடர் என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் அலுவலகத்து வெள்ளை அம்பாசடருக்கு நான் பதினோரு வருடம் பதிவேடு எழுதினேன். எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் டீசல், யார் போனார், எதற்குப் போனார். அந்தக் காரில் நான் ஏறியது ஒரே நாள். ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டு, அந்தக் காரிலேயே வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். என் மனைவி ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

பேரனுக்கு அம்பாசடர் தெரியாது. படம் காட்டினேன். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு கார்தான் வங்காளத்தில் உத்தர்பாராவில் அம்பாசடர் ஆகி, 2014 வரை வந்துகொண்டிருந்தது என்றேன். அந்தப் பெயரை 2017-ல் பிரான்ஸின் பேஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிவிட்டது என்றும் சொன்னேன். "அப்போ இது எங்க கார்!" என்றான். அந்த வாரத்தில் அவன் முதல் முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

அளவெடுக்க உட்கார்ந்தோம். அசல் அம்பாசடரின் அச்சு இடைவெளி 2,464 மில்லிமீட்டர். பையனின் சேசிஸில் 257. ஒன்றை மற்றதால் வகுத்தால் 9.6 வருகிறது. ஆகவே பத்தில் ஒரு பங்கு என்று கண்ணை மூடிக்கொண்டு செய்தால், சக்கரம் ஓரிடத்திலும் மட்கார்டின் வளைவு வேறிடத்திலும் நிற்கும். 9.6-ல் ஒரு பங்காகச் செய்தால் நீளம் சரி. ஆனால் அகலம் உதைத்தது. அந்தக் கணக்கில் அம்பாசடரின் அகலம் சுமார் 174 மில்லிமீட்டர். சேசிஸின் டயர் ஓரத்திலிருந்து எதிர் டயர் ஓரம் வரை 186. பக்கத்துக்கு ஆறு மில்லிமீட்டர் டயர் வெளியே துருத்தும். சின்னப்பிள்ளை அப்பாவின் செருப்பைப் போட்டது மாதிரி இருக்கும்.

பையன் சேசிஸின் கைகளை அறுத்துவிடலாம் என்றான். நான் தடுத்தேன். அறுத்ததை ஒட்ட முடியாது. அப்புறம் பழைய மேலோடும் அதற்குச் சேராது. இரண்டு நாள் யோசித்தோம். சக்கரத்தின் நடுவில், அச்சில் உட்காருகிற இடம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. அவனுடைய சக்கரங்கள் மூன்று மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்பவை. தள்ளாமல் நிற்கிற சக்கரம் சென்னையிலிருந்து தபாலில் வரவழைத்தோம். பக்கத்துக்கு மூன்று உள்ளே போயிற்று. மிச்சம் மூன்றை மேலோட்டில் சேர்த்து, அம்பாசடரைக் கொஞ்சம் தடிமனாக்கினோம். சேசிஸ் ஆறு கொடுத்தது, மேலோடு ஆறு கொடுத்தது, இரண்டும் 180-ல் சந்தித்தன.

மேலோடு செய்ய விளம்பரப் பலகைக் கடையில் சன்போர்டு வாங்கினோம். கதவு, பக்கவாட்டு எல்லாம் அதில் வெட்டலாம். ஆனால் அம்பாசடரின் அழகே அந்த உருண்டைப் பானட்டும் பின்பக்கமும்தான். அதற்கு என் பழைய சிநேகிதர் ஒருவரிடம் போனோம். தோணி கட்டிய ஓடாவி, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். "ஏலே மக்கா, காரு செய்யவா எங்கிட்ட வந்திருக்க?" என்று பையனைக் கேட்டார். பழைய கட்டுமரத் துண்டு ஒன்றை எடுத்தார். தக்கை மாதிரி லேசு. இரண்டே மாலையில் உளியால் பானட்டைச் செதுக்கி, உள்ளே குடைந்தும் கொடுத்தார்.

பனிமய மாதா கோயிலில் கொடியேறிய மறுநாள் முதல் ஓட்டம். பார்ப்பதற்கு அசல் அம்பாசடர்தான். நேராகப் போனது. முதல் திருப்பத்தில் முன்சக்கரம் மட்கார்டில் உரசி, கார் ஒரு பக்கம் சாய்ந்து, குப்புற விழுந்தது. மறுபடி ஓட்டினோம், மறுபடி விழுந்தது. சமையலறைத் தராசில் வைத்தால் மேலோடு மட்டும் 430 கிராம். கிழிந்துபோன பழையது நூற்றுச் சொச்சம்தான். நான் பட்டி வைத்து வைத்துத் தேய்த்ததெல்லாம் கூரையில் பாரமாக உட்கார்ந்திருந்தது. ஸ்பிரிங் அமுங்கினால் டயர் உரசும் என்பதையும் நான் யோசிக்கவில்லை. நிற்கும்போது அளந்தேன், ஓடும்போது அளக்கவில்லை.

எனக்கு ஸ்டாண்டர்டு 2000 ஞாபகம் வந்தது. சென்னையில் 1961 முதல் ஹெரால்டு கார் செய்த கம்பெனி, 1985-ல் ரோவர் எஸ்டி1 என்கிற அழகான ஆங்கிலக் காரின் உடம்பை எடுத்து, அதற்குள் பழைய வேன்கார்டு வழி வந்த 1,991 சிசி எஞ்சினை வைத்தது. நம் ரோட்டுக்காகக் காரை உயர்த்தியும் விட்டது. உடம்புக்குத் தக்க உயிர் இல்லை. 1988-ல் கதை முடிந்தது. அம்பாசடரில் நடந்தது நேர் எதிர். உடம்பு பெரும்பாலும் அப்படியே இருக்க, உள்ளே பெட்ரோல், டீசல், 1992-ல் இசுசு என்று எஞ்சின்கள் மாறின. அது ஓடியது. பையனுக்கு இதைச் சொன்னேன். "நாம ஸ்டாண்டர்டு பண்ணிட்டோம்" என்றான்.

ஓடாவியிடம் காரைத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் சிரித்தார். நான் இந்த ஊருக்கு வந்தபோது கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போன தோணிகள் பாய் விரித்துப் போனவை. பிறகு ஒவ்வொன்றாக எஞ்சின் வைத்துக்கொண்டன. அந்த மாற்றத்தில் கை வைத்தவர் அவர். "பாயில போற தோணி வேற, மெசின்ல போற தோணி வேற சார். உடம்பு ஒண்ணுதான். ஆனா பாரம் எங்க உக்காருதுன்னு பாக்கணும். மேல பாரம் ஏத்தினா கவுந்துரும். அடிப்பாரம் வேணும்" என்றார். பையனுக்குத் தமிழ் புரியவில்லை. நான் பிரெஞ்சில் சொன்னேன். தடுமாறித்தான் சொன்னேன். தடுமாறிய இடத்தில் அவன் சொல் எடுத்துக் கொடுத்தான். சிரிக்கவில்லை.

கூரையைப் பிய்த்துவிட்டு, என்னிடமிருந்த பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் புதுக் கூரை போட்டோம். அட்டை உபயம் சர்க்கார் இல்லை, என் காசு! பட்டியைச் சுரண்டினோம். கதவுகளை உள்பக்கம் இழைத்தோம். எடை 260 கிராமுக்கு இறங்கியது. ஸ்பிரிங்குக்கு மேலே சின்ன வளையம் போட்டு இறுக்கினோம். மட்கார்டு வளைவை உள்பக்கம் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் தேய்த்தோம். அம்பாசடர் பானட் உயரமானது என்பதால் தண்டு எட்டவில்லை. பழைய பேனா உடம்பை வெட்டி மேலே செருகி உயர்த்தினோம். நான் அவசரப்படும்போதெல்லாம் பையன் "துஸ்மான், தாத்தா" என்பான். மெதுவாக என்று அர்த்தம். என் பள்ளிக்கூட வாத்தியார் என்னிடம் சொன்ன அதே சொல்.

மாதா கோயில் திருநாளுக்கு மறுநாள் கார் விழாமல் திரும்பியது. மொட்டை மாடியில் எட்டுப் போட்டுக் காட்டினான். பிறகு ரிமோட்டை என் கையில் கொடுத்தான். வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டச் சொன்னான். கீழே கொண்டுபோய்த் தெருமுனையிலிருந்து வாசல் வரை ஓட்டினேன். ஆரத்திக்கு யாரும் இல்லை. அவன் என்ன நினைத்தானோ, உள்ளே போய்ப் பாட்டியின் படத்தைக் கொண்டுவந்து படியில் வைத்தான். அந்தக் கதையை அவனிடம் நான் ஒருமுறைதான் சொல்லியிருந்தேன், அதுவும் அரைகுறைப் பிரெஞ்சில்.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினான். சேசிஸ் பெட்டிக்குள் போயிற்று. அம்பாசடர் போகவில்லை. அமுங்கினால் உடைந்துவிடும். டிவிக்கு மேலே அலமாரியில் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை தூசி தட்டுகிறேன். அங்கே போய்ப் புது மேலோடு ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டான். அடுத்த ஜூலையில் சேசிஸோடு வருவதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோம். நான் பிரெஞ்சில் பேசுகிறேன், என் இலக்கணத்தை அவன் திருத்துகிறான். போன வாரம் எடுத்தவுடன் தமிழில் கேட்டான்: "தாத்தா, அம்பாசடர் பத்திரமா இருக்கா?" இருக்கிறது என்றேன். இந்தத் தடவை நான் தமிழிலேயே பதில் சொன்னேன். புரிந்துகொண்டான்.