ஒரு பாகை குறைந்தால் போதும்

ஹரோ, இலண்டன்
தை மாதம், செவ்வாய் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

போன கிழமை ரெலிபோனில் நீங்கள் கேட்டது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "இஞ்ச அத்தான் விடிய அஞ்சு மணிக்கு எழும்பி ஸ்னோ வழிச்சுப்போட்டுத்தான் வேலைக்குப் போறார். நீ அங்க இருந்துகொண்டு ஸ்னோ வேணுமெண்டு நேர்த்தி வைக்கிறாய். உனக்கென்ன விசரோ?" அன்றைக்குப் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. விசர்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் ஒரு கணக்கு வழக்கு இருக்கிறது. கேட்டுவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள். ரொறொன்ரோ கிட்டத்தட்ட 44ஆவது வட அகலக்கோட்டில் கிடக்கிறது. இலண்டன் 51.5. வட துருவத்துக்கு உங்களைவிட நாங்கள்தான் கிட்ட. நியாயப்படி அத்தான் கையில் இருக்கும் சவள் என் கையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் இந்தத் தீவுக்கு மேற்கே அத்திலாந்திக் கிடக்கிறது. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் காற்று அந்தப் பக்கமிருந்துதான். கடலின் சூட்டை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் தலையில் மழையாக ஊற்றும். தை மாதத்தில் ஹீத்ரோவில் பகல் வெப்பம் சராசரியாக 8 பாகை, இரவில் 3. ஸ்னோவுக்கு வேண்டிய முகிலும் ஈரமும் தாராளம். ஒன்றிரண்டு பாகை மட்டும் கூடிப்போய் நிற்கும். அதனால்தான் ஸ்காபரோவில் நீங்கள் "எத்தனை சென்ரிமீற்றர்?" என்று கேட்கிறீர்கள், நாங்கள் "வருமா?" என்று கேட்கிறோம். கிறிஸ்மஸ் நாளின் 24 மணித்தியாலத்துக்குள் எங்காவது ஒரேயொரு துகள் விழுவதை ஒருவர் கண்டு பதிந்துவிட்டால் அதை 'வெள்ளைக் கிறிஸ்மஸ்' என்று வானிலை அலுவலகம் கணக்கில் எடுக்கும். அதற்குப் பந்தயக் கடைகளில் காசு கட்டுகிற சனமும் இருக்கிறது. எங்கள் ஆசை எவ்வளவு சின்னது என்று இதிலிருந்தே விளங்கியிருக்கும்.

காற்று திசை மாற வேண்டும், அதுதான் முதல் நிபந்தனை. ஸ்கண்டிநேவியாவுக்கு மேலே ஒரு பெரிய உயர் அமுக்கம் வந்து குந்திக்கொண்டால் அத்திலாந்திக்கின் வழி அடைபடும். ரஷ்யப் பக்கத்துக் குளிர்காற்று கிழக்கிலிருந்து எங்களை நோக்கி வெளிக்கிடும். அது காய்ந்த காற்று. ஆனால் வழியில் வட கடலைத் தாண்ட வேண்டும். கடல் நீர் 6, 7 பாகையில் இருக்க, மேலே ஓடும் காற்று உறைநிலைக்கும் வெகு கீழே. அடியில் சூடு, மேலே குளிர் என்றால் முகில் பொங்கி எழும்பும். கரைக்கு வரும்போது ஸ்னோவாகக் கொட்டும். உங்கள் பக்கத்து ஏரிகள் செய்வதும் இதே வேலைதான். 2014 நவம்பரில் ஈரி ஏரியிலிருந்து எழும்பிய முகில் பஃபலோவின் தெற்குப் பக்கத்தில் 5 அடிக்கு மேல் கொட்டியது, சில மைல் வடக்கே ஒரு சில அங்குலம்தான். இங்கே அதற்குத் 'தேம்ஸ் ஸ்ட்ரீமர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காற்று சரியாகக் கிழக்கு வடகிழக்கிலிருந்து அடித்தால், எசெக்ஸுக்கும் கென்ற்றுக்கும் இடையில் தேம்ஸ் வாயில் வழியாக ஒரு ஒடுங்கிய முகில் வரிசை நேராக இலண்டனுக்குள் நுழையும். லூஷமில் பிள்ளைகள் பனிமனிதன் செய்வார்கள். ஹரோவில் எங்களுக்கு வெயில் எறிக்கும். அந்த எரிச்சலை ரெலிபோனில் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பேசப்படுவது வேறு வகை. வெள்ளிக்கிழமைக்குள் கிழக்குக் குளிர் வந்து படிந்துவிடும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். ஞாயிறு விடிய, தென்மேற்கிலிருந்து ஒரு தாழமுக்கம் ஆங்கிலக் கால்வாய் வழியாகக் கிழக்கே வழுக்கிக்கொண்டு போகலாம். அதன் தெற்கு ஓரத்தில் மழை, வடக்கே வெறும் குளிர், ஒன்றும் விழாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டியில் மட்டும் ஸ்னோ. அந்தப் பட்டி முப்பது நாற்பது மைல் அகலம் இருந்தாலே பெரிய விஷயம். அமெரிக்கர்களின் மாதிரிக் கணிப்பு அதைச் சரியாக இலண்டனுக்கு மேலே கீறுகிறது. ரெடிங்கில் தலைமையகம் வைத்திருக்கும் ஐரோப்பிய மையத்தின் கணிப்போ, பிரான்சுக்குள் தள்ளிவிட்டு எங்களுக்கு ஒன்றும் இல்லை என்கிறது. என்னைக் கேட்டால் ஐரோப்பியர்களைத்தான் நம்புவேன். ஆசை அமெரிக்கர்களோடு இருக்கிறது.

இதுதான் நான் இரவில் நித்திரை முழிக்கிற காரணம். அமெரிக்கக் கணிப்பு ஒரு நாளைக்கு நாலு தரம் புதிதாக வரும். கடைசி ஓட்டம் இங்கே இரவு பத்து மணியளவில் வெளியாகும். பப்பில் குடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் வருவதாலும், அடிக்கடி வெறிகாரன் கதைபோல ஏதாவது பெரிதாகச் சொல்வதாலும் அதற்கு 'பப் ரன்' என்று பெயர். போன கிழமை ஒரு பப் ரன் இலண்டனுக்கு ஒரு அடி ஸ்னோ போட்டது. விடிய எழும்பிப் பார்த்தால் அதே இடத்தில் 9 பாகையும் தூறலும். அனுபவமுள்ளவர்கள் ஒற்றைப் படத்தைப் பார்த்துக் குதிக்க மாட்டார்கள். தொடக்க நிலையில் மிகச் சின்ன மாற்றங்களை வைத்து ஐரோப்பிய மையம் ஐம்பது தரம் ஓட்டிப் பார்க்கும். அந்த ஐம்பது கோடுகளையும் ஒரே படத்தில் போட்டால் எங்கள் வீட்டு ஈர்க்குமாறுதான்: முதல் மூன்று நாள் இறுக்கிக் கட்டிய பிடி, ஐந்தாம் நாளுக்குப் பிறகு விரிந்த ஈர்க்கு. ஞாயிறு இப்போது பிடியும் ஈர்க்கும் சந்திக்கிற இடத்தில் நிற்கிறது.

இன்னும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நிலத்தில் வெப்பமானி சைபர் காட்ட வேண்டும் என்று உங்கள் மச்சாள் நினைக்கிறார். அப்படியில்லை. ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்தில் சைபருக்குக் கீழே ஐந்து பாகையாவது இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். அதற்குப் பிறகு பனிபடுநிலை, அதாவது காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டுகிற அளவு. கீழே காற்று காய்ந்து கிடந்தால், விழுகிற துகளில் ஒரு பகுதி ஆவியாகி அந்தக் காற்றையே குளிர்விக்கும். அதனால் 3 பாகையில் மழையாகத் தொடங்கியது ஒரு மணித்தியாலத்தில் ஸ்னோவாக மாறுவதுண்டு. மாறாமல், கொழுத்த ஈரத் துகளாக வந்து ரோட்டில் பட்டவுடன் தண்ணியாகிப் போவதும் உண்டு, அதுதான் அதிகம். ஒரு பாகை, சில நேரம் அரைப் பாகை. அதற்குள்தான் எங்கள் சந்தோஷம் முழுக்கக் கிடக்கிறது.

எதிர்பார்க்கிற இரவில் என்ன செய்வோம் என்று கேட்டீர்கள் என்றால் சிரிப்பீர்கள். யன்னல் சீலையை விலக்கித் தெரு விளக்கைப் பார்ப்போம். இருட்டில் எது விழுகிறது என்று தெரிவது அந்த வெளிச்சத்தில் மட்டும்தான். நேராகக் கோடு போட்டால் மழை. ஆறுதலாக ஆடி அசைந்து வந்தால் ஸ்னோ. இந்த நாட்டில் எங்களைப் போல நிறைய ஆட்கள் இப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அதற்கு 'லாம்ப்போஸ்ட் பார்ப்பது' என்றே பேச்சு. முந்தி இருந்த செம்மஞ்சள் சோடியம் விளக்கில் வடிவாகத் தெரியும். இப்போது வந்திருக்கும் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு எனக்குப் பிடிக்கவில்லை. சந்தேகம் வந்தால் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். கையில் ஒரு நொடியாவது வெள்ளையாக நின்றால் பிள்ளைகளை எழுப்பலாம்.

பக்கத்து வீட்டுக் கிழவரும் எங்கள் கூட்டம்தான். அவருக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல். 1962 டிசெம்பர் 26ஆம் திகதி தொடங்கிய ஸ்னோ 1963 மார்ச் வரை தரையில் கிடந்த கதையை ஒவ்வொரு வின்ரருக்கும் புதிதுபோலச் சொல்வார். அந்த முறை கென்ற் கரையில் ஹேர்ன் பேயில் கடலே ஒரு மைல் தூரத்துக்கு உறைந்தது. மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலையை 1659இலிருந்து மாதம் மாதமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். உலகத்திலேயே கருவியால் அளந்த ஆக நீண்ட தொடர் அதுதான். அதன்படி 1740க்குப் பிறகு அந்த வின்ரர்தான் ஆகக் குளிர். அது போல ஒன்று இனி வருமா என்று கிழவரைக் கேட்டேன். வானத்தைப் பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. நாடு முழுக்க ஸ்னோ நாட்கள் குறைந்துகொண்டு வருவது அவருக்குத் தெரியும். நான் காத்திருப்பதில் கொஞ்ச அவசரமும் இருப்பது அதனால்தான், அக்கா. பிள்ளைகள் சின்னனாக இருக்கும்போதே ஒரு நல்ல ஸ்னோவைக் கண்டுவிட வேண்டும்.

2009 உங்களுக்கும் நினைவிருக்கும். பெப்ரவரி 1, ஞாயிறு பின்னேரம் தொடங்கியது. திங்கள் விடிய இலண்டன் பஸ் முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். தெற்குப் பக்கத்தில் சில இடங்களில் 20 சென்ரிமீற்றர். பதினெட்டு வருடத்தில் காணாத ஸ்னோ என்றார்கள். அன்று ரெலிபோனில், "இதுக்கோ ஒரு நகரத்தையே பூட்டினவங்கள்?" என்று நீங்கள் அடித்த பகிடியை நான் மறக்கவில்லை. ஆனால் எப்போதாவது வருகிற ஒன்றுக்காக ஆயிரம் ஸ்னோ வழிக்கிற வண்டிகளை வாங்கி வருடம் முழுக்க நிறுத்தி வைக்க எந்த நகரத்தாலும் முடியாது. இந்த விஷயத்தில் நான் இலண்டன் பக்கம்தான்.

பத்திரிகைகளின் பக்கம் இல்லை. 2018 பெப்ரவரி நடுவில் துருவத்துக்கு மேலே, முப்பது கிலோமீற்றர் உயரத்தில், வளிமண்டலம் திடீரென்று சூடேறியது. மேற்குக் காற்றுச் சுழல் உடைந்தது, இரண்டு கிழமையில் ரஷ்யக் குளிர் இங்கே வந்து சேர்ந்தது. வானிலை அலுவலகம் சிவப்பு எச்சரிக்கை விட்டது. 'கிழக்கிலிருந்து வந்த மிருகம்' என்று அதற்குப் பெயர். அன்று தொடங்கிய வியாதி, இப்போது ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு மிருகத்தைத் தலைப்பில் போட்டு விற்கிறார்கள். அந்தச் சூடேற்றம் நடந்தாலும் மூன்றில் ஒரு பங்கு தடவை எங்களுக்குக் குளிர் வருவதில்லை என்பதை எழுத மாட்டார்கள். எங்களை விசர் என்கிறவர்கள் அவர்களை என்ன சொல்வார்களோ தெரியாது.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. நாங்கள் ஆசைப்படுகிற இந்தக் குளிர், ஹீற்றரைப் போடக் காசு கணக்குப் பார்க்கிற சனத்துக்கு வேதனை. கிழவர் ஸ்னோ கதை சொல்லிக்கொண்டே ஒரு அறையில் மட்டும் ஹீற்றரைப் போட்டுவிட்டு இருக்கிறார். வெள்ளிக்கிழமையிலிருந்து பின்னேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கச் சொல்லியிருக்கிறோம். சாப்பாடும் எங்களோடுதான். இடியப்பமும் சொதியும் அவருக்குப் பழகிவிட்டது, சம்பலுக்கு மட்டும் இன்னும் பயம்.

இப்போது பத்தரை. இன்றைய பப் ரன் வந்துவிட்டது. தாழமுக்கத்தைக் கொஞ்சம் தெற்கே தள்ளியிருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நாலு நாள் கிடக்கிறது. ஞாயிறு எப்படிப் போனாலும் உங்களுக்குப் படம் அனுப்புவேன், வெள்ளையோ ஈர ரோட்டோ.

அத்தானைத் தனியே ஸ்னோ வழிக்க விடாதேங்கோ. விடிய எழும்பின கையோடு, குளிரில், வெறும் வயிற்றோடு பாரம் தூக்கினால் நெஞ்சுக்கு ஆபத்து. ஒவ்வொரு வின்ரரும் அங்கே ஆட்கள் அப்படி விழுகிறார்கள். மருமகனுக்குப் பதினெட்டு வயது, கட்டிலை விட்டு எழும்பி ஒரு சவளைப் பிடிக்கச் சொல்லுங்கோ.

அன்புடன்,
உங்கள் தம்பி