ரவை சிக்கினால் யார் குற்றம்?

மெக்கானிக்கல் பிரிவு மாணவன் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறானே என்று பயந்துவிடாதீர்கள். என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளில் ஐந்து ரவை சுட்டதோடு சரி, நம்ம வீரம் அவ்வளவுதான். அதில் ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கையால் இழுக்கணும். தானாகவே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். பயிற்சி தந்த ஹவில்தார் மண்ணில் குச்சியால் படம் போட்டே காட்டிவிட்டார். அந்தப் படம்தான் என்னை நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

விஷயம் இதுதான். ரவை வெடித்ததும் குழலுக்குள் கிளம்பும் வாயுவில் கொஞ்சத்தை ஒரு சிறு துளை வழியாகத் திருப்பிவிடுகிறார்கள். அது போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். போகிற போக்கில் போல்ட்டிலுள்ள கொக்கி காலித் தோட்டாவை உருவி வெளியே எறியும். பிறகு சுருள்வில் போல்ட்டை முன்னால் தள்ள, அது மேகசினிலிருந்து அடுத்த ரவையைத் தள்ளிக்கொண்டு போய் அறைக்குள் நுழைக்கும். எல்லாம் கண் இமைப்பதற்குள்!

ரவை ஏறாவிட்டால் எல்லாரும் முதலில் மேகசினைத்தான் பார்ப்பார்கள். வாய் வளைந்திருக்கிறதா, சுருள்வில் தளர்ந்திருக்கிறதா என்று. நியாயம்தான், பல சமயம் கோளாறு அங்கேதான் இருக்கும். ஆனால் வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பிடித்த எம்-16 கதை வேறு.

1966, 67-ல் அந்தத் துப்பாக்கி சண்டைக்கு நடுவே நின்று நின்று போனது. உயிர்களும் போயின. பார்த்தால் ரவை ஏறாத கோளாறு மாதிரிதான் தெரியும். உள்ளே நடந்தது என்ன? காலித் தோட்டா அறையிலேயே இறுகி ஒட்டிக்கொண்டது. கொக்கி அதன் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெறுமனே பின்னால் வந்தது. போல்ட் அடுத்த ரவையைக் கொண்டுபோய் அதன் முதுகிலேயே முட்டியது. குழலின் முன்பக்கமாகக் கம்பியை விட்டுத் தட்டினால்தான் காலித் தோட்டா வெளியே விழும். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது கம்பி தேடுவதா!

மேலிடம் என்ன சொன்னது தெரியுமா? “சிப்பாய்கள் சரியாகத் துடைப்பதில்லை.” துடைக்கும் சாமான்கள் போதுமான அளவு போகவே இல்லை. இந்தத் துப்பாக்கிக்குப் பராமரிப்பே அவ்வளவாகத் தேவையில்லை என்ற பேச்சு வேறு பரவியிருந்தது.

இதைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷினுக்குத் தாள் ஏற்றும் வேலை அவருக்கு. காலண்டர் சீசனும் மழையும் ஒண்ணாத்தான் வரும். ஈரம் இழுத்த தாள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு உள்ளே போகும், மெஷின் நிற்கும். “ஒழுங்கா விசிறிப் போடத் துப்பில்லையா?” என்று திட்டி அரைநாள் கூலியைப் பிடிப்பார்கள். தாள் கட்டுகளைச் சாரல் அடிக்கிற வராந்தாவில் இறக்கச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஏழாவதோடு நின்றவர் பேச்சு எடுபடுமா?

அமெரிக்காவில் கேட்டார்கள். 1967-ல் நாடாளுமன்றக் கீழவை உறுப்பினர் ரிச்சர்ட் இகார்ட் தலைமையில் ஒரு துணைக்குழு விசாரித்தது. துப்பாக்கியை வடிவமைத்துச் சோதித்தபோது இருந்த வெடிமருந்து ஒரு வகை. 1964-ல் ராணுவம் அதை மாற்றி உருண்டை மருந்துக்குப் போய்விட்டது. புது மருந்தால் போல்ட்டின் வேகம் கூடியது, கசடும் அதிகம். அறைக்கு உள்ளே குரோமியப் பூச்சு கிடையாது. வியட்நாம் ஈரத்தில் அது துருப்பிடித்துக் குழிவிழுந்தால், தோட்டா ஒட்டாமல் என்ன செய்யும்? மருந்துக் கோளாறு தெரிந்தும் சரிசெய்யாமல் விட்டது கிட்டத்தட்டக் குற்றமே என்று குழுவின் அறிக்கை அதிகாரிகளைச் சாடியது. எனக்கு அந்த அறிக்கையில் பிடித்த இடம் அதுதான்.

அப்புறம் அறைக்குக் குரோமியம் பூசினார்கள். போல்ட்டின் வேகத்தைத் தணிக்கும் பஃபரை மாற்றினார்கள். 1968-ல் வில் ஐஸ்னர் என்ற ஓவியரை வைத்துப் பராமரிப்புக் கையேட்டைப் படக்கதையாகவே போட்டுக் கொடுத்தார்கள். (நம்ம லேப் மேனுவலையும் அப்படிப் போட்டால் அரியர்ஸ் குறையும் என்பது என் தாழ்மையான கருத்து!)

லீவில் ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்தக் கம்பி? அது எல்லாருக்கும் கெடைச்சுதா?” என்றார்.

“கெடைச்சுதுப்பா. ஆனா பிந்தித்தான்” என்றேன்.