கண்ணை மூடிக் கேட்டேன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, 'நாளைய இந்தியாவில் மின்னணுவியல்' என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆறு மாதமாக என் நெஞ்சில் ஒரு பாரம் இருக்கிறது. ஒரு பெரியவரிடம் 600 ரூபாய் வாங்கிக்கொண்டு, எனக்கே நிச்சயமாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்தது போலச் சொல்லிவிட்டேன். அதை இங்கே இறக்கி வைக்கிறேன். நம்மைப் போல டிப்ளமோ படிக்கிறவர்கள் யாருக்கும் இது நடக்கலாம்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையம். அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். அம்மா நூல் இழைப்பார். நான் பிறந்ததிலிருந்து கேட்ட முதல் சங்கீதம் தறிச் சத்தம்தான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவனே. அதனால் தெருவில் மிக்சி ஓடவில்லை என்றாலும், டி.வி.யில் படம் வரவில்லை என்றாலும், "படிக்கிற பையனைக் கூப்பிடு" என்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்!

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, அதில் யு.எஸ்.பி. வழியாக ஒரு சின்ன 'டாக்' பெட்டியை இணைத்தேன். எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றித் தருகிற பெட்டி அது. டி.டி.ஏ. 2030 ஐ.சி. போட்டு நானே ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். பழைய சாமான் கடையில் இரண்டு ஸ்பீக்கர் கிடைத்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் 'கம்ப்யூட்டர் ஹை-ஃபை' பிறந்துவிட்டது!

இதைக் கேள்விப்பட்டுத்தான் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல ரசிகர். நம் ஊரில் 1919-இல் பிறந்த டி.கே. பட்டம்மாள் என்றால் அவருக்கு உயிர். வெளியூரில் இருக்கும் மகன் லேப்டாப், டாக், ஸ்பீக்கர் எல்லாம் வாங்கிக் கொடுத்து, அப்பாவின் சி.டி.க்களை எல்லாம் 'ஃபிளாக்' கோப்புகளாக ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு ஒயர் லூசாக இருந்தது; சரி செய்தேன். ஒரு ஆல்பத்தை என் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, "நீயும் கேளு தம்பி" என்றார்.

அன்றிரவு அந்தப் பாட்டை 'வேவ்' கோப்பாக மாற்றி, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். வேவில் குரல் முன்னே வந்து நின்றது! மிருதங்கத்தில் ஓர் அழுத்தம். ஃபிளாக்கில் ஏதோ மங்கல். வகுப்பு நண்பன் ஒருவனும், "அழுத்திச் சுருக்கினா சத்து போகத்தானேடா செய்யும்" என்றான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாளே வாத்தியாரிடம் போய், "சார், எல்லாத்தையும் வேவுக்கு மாத்திடலாம், நல்லா இருக்கும்" என்றேன். அவர் கேள்வியே கேட்கவில்லை. வேவ் அதிக இடம் பிடிக்கும் என்பதால் புது ஹார்ட் டிஸ்க் வேறு வாங்க வைத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினேன். பழைய ஃபிளாக் கோப்புகளை 'இனி எதற்கு' என்று அழித்தேன். 600 ரூபாய் வாங்கினேன். அது பரீட்சைக் கட்டணத்துக்கு உதவியது.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பா கேட்டார்:

"ரெண்டும் ஒரே பாட்டுதானேடா?"

"ஒரே பாட்டுதாம்ப்பா. வைக்கிற விதம் வேற."

"எது எதுன்னு தெரிஞ்சு கேட்டியா, தெரியாம கேட்டியா?"

"தெரிஞ்சுதான்..."

அப்பா சிரிக்கவில்லை. "ஜரிகையைக் கண்ணால பார்த்து வாங்கினவன் எத்தனை பேர் ஏமாந்திருக்கான் தெரியுமா? கடை வெளிச்சத்துல போலி ஜரிகைதான் அதிகமா மின்னும். உரசிப் பார்த்தாதான் உள்ள என்னா இருக்குன்னு தெரியும்" என்றார். அவ்வளவுதான். கை கழுவப் போய்விட்டார்.

நல்ல ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூல் மேல் வெள்ளி இழை சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் பூசியது. கண்ணை நம்பினால் ஆகாது என்பதால்தானே நம் ஊரில் ஜரிகையைப் பரிசோதிக்கக் கருவி வைத்திருக்கிறார்கள்? காதுக்கு மட்டும் தனிச் சட்டமா? எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். நான் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சி.டி.யில் இருப்பது பாட்டு இல்லை, எண்கள்! ஒலி அலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 16 பிட். அதாவது 65,536 படிகளில் ஒன்று. இடது, வலது என்று இரண்டு வரிசை. கணக்குப் போட்டால் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 எம்.பி. வருகிறது. மைக்ரோசாஃப்டும் ஐ.பி.எம்.மும் 1991-இல் கொண்டுவந்த வேவ், அந்த எண்களை அப்படியே வரிசையாக அடுக்கி வைக்கும்.

ஃபிளாக்கை உருவாக்கியவர் ஜோஷ் கோல்சன். அதன் முதல் முழுப் பதிப்பு 2001-இல் வந்தது. அது செய்வது ஒரு நல்ல கணக்குப் பிள்ளையின் வேலை. முந்தைய எண்களைப் பார்த்து, அடுத்த எண் இதுவாக இருக்கும் என்று ஊகிக்கும். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கும். சின்ன எண்ணுக்குச் சின்ன இடம் போதுமே! பாட்டு போடும்போது அதே ஊகத்தைத் திரும்பப் போட்டு, வித்தியாசத்தைக் கூட்டினால் பழைய எண் அப்படியே வந்துவிடும். ஆப்பிள் நிறுவனம் 2004-இல் கொண்டுவந்த 'அலாக்' என்பதும் இதே மாதிரிதான். எம்.பி.3 அப்படி அல்ல. காது கவனிக்காது என்று கருதுவதை அது தூக்கி எறிந்துவிடும். எறிந்தது திரும்பி வராது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தறி மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறதே, அதில் ஓடும் அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1, 0 என்று நாம் படிப்பது அதுதான்! அந்த அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தாலும், மடித்துக் கட்டி மூலையில் வைத்திருந்தாலும் ஓட்டை மாறுவதில்லை. திரும்ப மாட்டினால் அதே மயில், அதே யானை. ஃபிளாக் என்பது மடித்துக் கட்டிய அட்டை. எம்.பி.3 என்பது நடுநடுவே சில அட்டையை எடுத்துவிட்ட கட்டு.

படித்தது போதாது, உரசிப் பார்க்க வேண்டும் அல்லவா? மூன்று சோதனை செய்தேன்.

முதலாவது: ஃபிளாக் கோப்பின் தலைப்பகுதியில் மூலப் பாட்டின் எண்களுக்கான 'எம்.டி.5' என்ற முத்திரை எண் இருக்கும். ஒரே ஒரு பிட் மாறினாலும் முத்திரை மாறிவிடும். விரித்துப் பார்த்தேன். முத்திரை பொருந்தியது.

இரண்டாவது: இரண்டையும் விரித்து, ஒன்றைத் தலைகீழாக்கி மற்றொன்றோடு கூட்டினேன். எங்கேயாவது வித்தியாசம் இருந்தால் அது மட்டும் மிஞ்சும். திரையில் மிஞ்சியது ஒரு நேர்க்கோடு. ஸ்பீக்கரில் ஒன்றுமே கேட்கவில்லை.

மூன்றாவதுதான் அப்பா சொன்ன சோதனை. பெல் ஆய்வுக்கூடத்தினர் 1950-லேயே எழுதிய முறை, 'ஏ.பி.எக்ஸ்.' என்பார்கள். ஏ ஒன்று, பி ஒன்று. எக்ஸ் என்பது இரண்டில் ஏதோ ஒன்று. எது என்று கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். கேட்டுச் சொல்ல வேண்டும். 16 முறை. காசு சுண்டிப் போட்டே சொன்னாலும் பாதி சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால்தான் கணக்கில் சேர்த்தி. வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் அது வருவதற்கு நூற்றுக்கு நாலு வாய்ப்புக்கூட இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எனக்கு வந்தது 9. 'சத்து போகும்' என்ற நண்பனுக்கு 7. விடுதி நண்பர்கள் இருவருக்கு 8, 10. முதல் நாள் முன்னே வந்து நின்ற குரல் எங்கே போனது? மிருதங்கத்தின் அழுத்தம் எங்கே?

'ஒருவேளை எனக்குக் காதே சரியில்லையோ, தறிச் சத்தத்தில் வளர்ந்த காதாயிற்றே' என்று ஒரு சந்தேகம். அதே பாட்டை 64 கே.பி.பி.எஸ். எம்.பி.3-ஆக மாற்றி ஃபிளாக்கோடு வைத்துக் கேட்டேன். 16-க்கு 15! மிருதங்கத்தின் ஒவ்வொரு தட்டும் கூர் மழுங்கிச் சலசலத்தது. ஆக, காது நன்றாகத்தான் இருக்கிறது. இருக்கிற வித்தியாசத்தை அது கண்டுபிடிக்கிறது. இல்லாத வித்தியாசத்தைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்படியானால் முதல் நாள் கேட்டது முழுக்க என் கற்பனையா? அதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. பாட்டு போடும் மென்பொருளைக் கிண்டியபோது விஷயம் தெரிந்தது. வாத்தியாரின் மகன் ஏற்றிய ஃபிளாக் கோப்புகளில் 'ரீப்ளே கெயின்' என்ற குறிப்பு இருந்தது. எல்லாப் பாட்டும் ஒரே அளவு சத்தத்தில் ஒலிக்கட்டும் என்பதற்காக எழுதி வைக்கும் குறிப்பு அது. அதைப் படித்த மென்பொருள், அந்தப் பாட்டை 2 டெசிபல் போலக் குறைத்தே போட்டிருக்கிறது. நான் மாற்றிய வேவில் குறிப்பு போய்விட்டதால் முழுச் சத்தத்தில் போட்டிருக்கிறது. கொஞ்சம் சத்தம் கூடினால் நம் காது அதைச் 'சத்தம் கூடியது' என்று சொல்லாது. 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லும்! அந்தக் குறிப்பை அணைத்தேன். மங்கலும் போனது, அழுத்தமும் போனது. இரண்டும் ஒன்று.

"ஃபிளாக்கை விரிக்கக் கம்ப்யூட்டர் கூடுதலாக உழைக்கிறது, அந்த மின் இரைச்சல் பாட்டில் கலக்கும்" என்று சிலர் வாதிடுகிறார்கள். விரிக்கும் வேலை மிகச் சிறியது. என் பழைய கம்ப்யூட்டரிலேயே அளவுமானி அசையவில்லை. விரித்த எண்கள் முதலில் நினைவகத்தில் தங்கும். 'அசிங்க்ரனஸ்' முறையில் வேலை செய்யும் டாக், தன்னுடைய சொந்தக் கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப அங்கிருந்து வாங்கிக்கொள்ளும். என் செட்டில் நிஜமாகவே ஒரு 'உம்' என்ற இரைச்சல் இருந்தது. அது எர்த் கோளாறு. ஃபிளாக்கிலும் இருந்தது, வேவிலும் இருந்தது. கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே பிளக் பலகையில் மாட்டியதும் அடங்கியது. குறை இருந்தால் அதைத் தேடிச் சரி செய்ய வேண்டும். கோப்பின் பெயர் மேல் பழி போடக் கூடாது.

இனி கடினமான பகுதி. 600 ரூபாயைச் சேர்க்க எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. எடுத்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் போனேன். வரதராஜப் பெருமாள் கோயில் வரைக்கும் சைக்கிளை மிதித்துவிட்டு, திரும்பிவிடலாமா என்று பத்து நிமிடம் நின்றேன். பிறகு போனேன்.

"சார், நான் சொன்னது தப்பு. ரெண்டும் ஒண்ணுதான். மன்னிச்சிடுங்க."

அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு சொன்னார்: "நானும் கேட்டுட்டு ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னேனே தம்பி... நீ படிக்கிற பிள்ளை. நீ சொன்னே, என் காது நம்பிடுச்சு."

தோழர்களே, திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"ஆனா ஒண்ணு" என்று லேப்டாப்பைத் திறந்தார். "பாட்டு பேரெல்லாம் எங்கே போச்சு? எல்லாம் டிராக் 1, டிராக் 2-ன்னே இருக்கு. கேட்டா நீ வருத்தப்படுவியோன்னு விட்டுட்டேன்." ஃபிளாக் கோப்பில் ராகம், தாளம், இயற்றியவர் பெயர் எல்லாம் அவர் மகன் எழுதி வைத்திருக்கிறார். நான் மாற்றிய விதத்தில் அத்தனையும் போய்விட்டன. மூலத்தையும் நான்தான் அழித்தேன். ஒலியில் ஒரு பிட் போகவில்லை. ஆனால் ஒரு மகன் அப்பாவுக்காக உட்கார்ந்து எழுதியது போய்விட்டது.

எண்கள் பத்திரமாக இருந்ததால் எல்லாவற்றையும் திரும்ப ஃபிளாக் ஆக்க முடிந்தது. பெயர்களுக்குக் குறுக்குவழி தேடவில்லை. ஏழு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்ததும் அவர் ராகம் சொல்வார். நான் தட்டச்சு செய்வேன். நாலாவது வாரம், அவர் வாயைத் திறப்பதற்குள் "கல்யாணிதானே சார்?" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புது ஹார்ட் டிஸ்கில் இரண்டாவது பிரதி எடுத்து பீரோவில் வைத்தோம். 600 ரூபாயை அவர் வாங்க மறுத்தார். அம்மா சொன்னபடி, அவர் வீட்டு சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தறியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தவர், "படிக்காதவன் தப்பா சொன்னா யாரும் கேக்க மாட்டான். படிச்சவன் சொன்னா கேப்பான். அதான் உரசிப் பார்த்துச் சொல்லணும்" என்றார்.

நாளை நம் கையில் சான்றிதழ் வரப்போகிறது. நாம் ஒன்றைச் சொன்னால், நம் தெருவில் நாலு காதாவது அதை நம்பும். அதற்கு முன் ஒரு முறை கண்ணை மூடிக் கேட்போம்.



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை